சேவல் விற்ற ஐநூறு

"அக்கா, எனக்குத் தனியா பயிற்சி குடுப்பியளா?"

ரெஜிலா கேட்டது இதுதான். பெயரைச் சொல்லவில்லை. எந்த ஊர் என்று சொல்லவில்லை. கையில் ஒரு பந்து, காலில் செருப்பு இல்லை.

டெல்பின் கடற்கரை மணலில் உட்கார்ந்து முழங்கால் முட்டுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். மாநில அணிக்கு ஆடியவள். இருபத்து நாலு வயசு. வலது முட்டு போன பிறகு அவளால் ஆட முடியாது. சொல்லிக் கொடுக்க முடியும். அந்தக் கரையில் காசு வாங்கிக்கொண்டு கால்பந்து சொல்லிக் கொடுக்கிற ஒரே ஆள் அவள்தான்.

"ஆடிக் காட்டு," என்றாள்.

ரெஜிலாவுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. தூரத்தில் இரண்டு கம்பு, அதுதான் கோல். ரெஜிலா பந்தைத் தள்ளினாள். பின்னாலேயே பறந்தாள். இடது பக்கம் வெட்டினாள். வலது பக்கம் வெட்டினாள். எதிரில் ஒரு ஆள் கிடையாது, இருந்தும் வெட்டினாள்.

"நில்லு," என்றாள் டெல்பின்.

காதில் விழுந்தது. ஆனால் கோல் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது எவள் நிற்பாள்?

ஓடிய வேகத்திலேயே ஓங்கி ஒரு அடி. பந்து கம்பைத் தாண்டி, காய வைத்த வலையைத் தாண்டி, கடலுக்குள் போய் விழுந்தது.

ரெஜிலா துணியோடு கடலில் குதித்து, பந்தோடு வந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எப்படி அக்கா?"

டெல்பின் முட்டு உறையை இழுத்து இறுக்கினாள்.

"அக்கா, கேக்கலியா? எப்படி இருந்துச்சு?"

"எவ்வளவு வச்சிருக்க?"

ரெஜிலா உடுப்புக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அதுவும் நனைந்திருந்தது. ஐநூறு.

"கோயில் திருநாள் மேட்ச்சில நல்லா ஆடுனதுக்கு சேவல் குடுத்தாவ. வித்துட்டேன். இதுக்கு எத்தனை கிளாஸ் வரும்?"

"ஒரு வார்த்தை."

"என்னது?"

"ஒரு வார்த்தை வரும்."

"ஒரு வார்த்தைக்கு ஐநூறா! டாக்டரே இவ்வளவு வாங்க மாட்டாரு. அவரு ஊசியும் போட்டு விடுவாரு!"

"அப்போ டாக்டர்ட்ட போ."

ரெஜிலா போகவில்லை. கோபத்தில் பந்தை மணலில் ஓங்கி அடித்தாள். அது எம்பி அவள் நாடியிலேயே இடித்தது.

டெல்பினுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"மணல் சும்மா. இங்க கெடக்க பந்து எல்லாம் சும்மா. எப்ப வேணும்னாலும் வந்து அடிச்சுக்கோ. கேள்வி கேக்கதும் சும்மா. நான் வாயத் தொறந்து பதில் சொன்னா ஐநூறு."

"உங்க கேள்வியா, எனக்க கேள்வியா?"

"ரெண்டும் சும்மாதான்."

"அக்கா, எனக்கு நேரம் இல்ல. ஈஸ்டர் முடிஞ்சா சென்னையிலேர்ந்து பெண்கள் கிளப்புக்கு ஆள் எடுக்க வாறாவ. முன்னால ஆட ஒரே ஒரு ஆள்தான் எடுப்பாவளாம். அதுல நான் போகலைன்னா அடுத்த திங்கக்கிழமைலேர்ந்து இறால் கம்பெனி. அம்மா பேரு குடுத்தாச்சு."

"பள்ளிக்கூடம்?"

"அத நானே விட்டுட்டேன். ஒரே எடத்துல உக்கார முடியல. இறால் கம்பெனி அதுக்கும் மேல. நாள் முழுக்க ஒரே எடத்துல நின்னு தோல் உரிக்கணும். எனக்கு நிக்க வராது அக்கா. செத்துருவேன்."

டெல்பின் எழுந்தாள். முழங்காலை ஒரு தடவை மடக்கி நீட்டினாள்.

"அப்போ நல்ல கேள்வியா கொண்டு வா," என்றாள்.

*

மறுநாள் காலையில் கடல் உள்வாங்கும் முன்னாலேயே ரெஜிலா வந்துவிட்டாள். நோட்டை இரவெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்துக் காய வைத்திருந்தாள்.

"கேள்வி ரெடி அக்கா. ஜெயிக்க என்ன செய்யணும்?"

டெல்பின் நோட்டைப் பார்த்தாள். ரெஜிலாவைப் பார்த்தாள்.

"ஐநூறுக்கு மீன் தாங்கன்னு கேட்டா குடுப்பான். கடலத் தாங்கன்னு கேட்டா?"

"ரொம்பப் பெரிசா இருக்கா?"

"உனக்கு என்ன தோணுது?"

ரெஜிலா நோட்டை மடித்து உள்ளே வைத்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது. ஆனால் பந்து இருந்தது, மணல் இருந்தது, இரண்டும் சும்மா கிடைத்தது. ஆட ஆரம்பித்தாள்.

அதற்குள் அபிஷா வந்தாள். கூடவே அவள் அப்பா சேவியர், இரண்டு விசைப்படகு வைத்திருக்கிறவர். ஒரு நாற்காலி, ஒரு குடை, மகளுக்குப் புது பூட்ஸ். அபிஷாவுக்கு டெல்பினிடம் மாதக் கணக்கில் தனிப் பயிற்சி. அவளுக்கும் ஈஸ்டர் முடிந்து அதே தேர்வு. அதே ஒற்றை இடம்.

சேவியர் குடையை விரித்து உட்கார்ந்தார். டெல்பின் ஆரம்பித்தாள்.

"ஓடு! திரும்பு! நில்லு! தலையத் தூக்கு! தோளப் பாரு! குடு! வாங்கு! ஓடு!"

ரெஜிலா தூரத்திலிருந்து வாயைப் பிளந்து பார்த்தாள். ஒரு வார்த்தை ஐநூறு என்றால் சேவியர் இந்நேரம் ஒரு படகை விற்றிருப்பார்.

டெல்பின் தண்ணீர் குடிக்கக் கத்துவதை நிறுத்தினாள்.

"கோச்சே," என்றார் சேவியர். "என்ன, சத்தத்தையே காணோம்?"

டெல்பின் தண்ணீரை விழுங்கினாள். "ஓடு! திரும்பு! நில்லு!"

*

அடுத்த கேள்வியை ரெஜிலா சின்னதாகவே கொண்டு வந்தாள்.

"எனக்க அடி ஏன் வெளிய போவுது?"

"எப்பவுமா?"

"எப்பவும்."

"பொய்."

"சரி. சில நேரம்."

"எந்த நேரம்?"

ரெஜிலா கம்புகளைத் திரும்பிப் பார்த்தாள். எந்த நேரம்? அவள் அதைப் பார்த்ததே கிடையாது. பந்து வெளியே போனால் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு எடுக்க ஓடுவாள். அவ்வளவுதான்.

நோட்டு மறுபடி உள்ளே போனது.

அன்று முழுக்க அடித்தாள். வலது பக்கமிருந்து அடித்தாள், நடுவிலிருந்து அடித்தாள், இடது பக்கமிருந்து அடித்தாள். அலை வந்து காலைத் தொட்டு விரட்டும்வரை அடித்தாள்.

மறுநாள் டெல்பின் மணலில் கால் வைக்கும் முன்னாலேயே கத்தினாள்.

"எடது பக்கத்துலேர்ந்து வந்தா மட்டும் அக்கா! மத்தது எல்லாம் உள்ள போவுது! எடது பக்கம் மட்டும்தான் சனியன்!"

"ஆ," என்றாள் டெல்பின்.

"ஆ-ன்னா? அது வார்த்தையா? அதுக்குக் காசு கெடையாது!"

"அது மூச்சு."

"அப்போ இப்பக் கேக்கேன். எடது பக்கத்துலேர்ந்து வந்தா மட்டும் ஏன் வெளிய போவுது? இது சின்னக் கேள்விதான? இந்தாங்க." நோட்டை நீட்டினாள்.

டெல்பின் நோட்டைத் தொடவில்லை.

"அடிக்கும்போது அடிக்காத கால் எங்க இருந்துச்சு?"

"அடிக்காத காலையா? அத எவ பாப்பா?"

டெல்பினின் தலை தாழ்ந்தது. கீழே பார்த்தாள். அவ்வளவுதான். மணலைப் பார்த்தாள்.

ரெஜிலாவும் மணலைப் பார்த்தாள்.

நேற்றைய தடங்களை அலை துடைத்திருந்தது. புது மணல், ஈரம், ஒரு கோடு கிடையாது. ரெஜிலா பந்தை எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடினாள். அடித்தாள். பந்து வெளியே போனது. அதை எடுக்க ஓடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தை விட்டுவிட்டுக் குனிந்தாள்.

அங்கே கிடந்தது. அவளுடைய இடது காலின் தடம். பெருவிரல் கோலைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தது.

இன்னொரு தடவை அடித்தாள். குனிந்தாள். கடலைப் பார்த்தது.

"துரோகி!" என்று தன் காலைப் பார்த்துக் கத்தினாள்.

அப்புறம் பெருவிரலைக் கோலுக்கு நேரே வைத்து அடித்தாள். பந்து நழுவியது. மறுபடி வைத்தாள். பந்து கம்பில் இடித்தது. மறுபடி.

உள்ளே!

மறுபடி. உள்ளே! மறுபடி. உள்ளே!

டெல்பின் அந்தப் பக்கம் அபிஷாவுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். ரெஜிலா நடுவில் புகுந்து ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. பேச்சு குழறியது.

"அக்கா! கால் அக்கா! கால் கடலப் பாத்து நிக்கு! கோல் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்! அதான்! அதான் அக்கா!"

"அப்போ கேள்வி?"

"கேள்வி போச்சு!"

"நோட்டு?"

"நோட்டு இருக்கு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரெஜிலா அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். "முட்டு, முட்டு!" என்று டெல்பின் அலறினாள்.

"பிள்ளே," என்றார் சேவியர் குடைக்குள்ளிருந்து, "இது எனக்க மோளுக்க நேரம். நான் காசு குடுத்த நேரம்."

அபிஷா மட்டும் குனிந்திருந்தாள். ரெஜிலா ஓடி வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அதன் பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

பந்து ஏன் காலை விட்டுத் தூரமாகப் போகிறது? தடத்தைப் பார்த்தாள். எடுத்து வைக்கிற எட்டு நீளமாக இருந்தது. குறைத்தாள். கேள்வி செத்தது.

திரும்பும்போது ஏன் வழுக்குகிறது? தடத்தைப் பார்த்தாள். குதிகால் மட்டும் ஆழமாக இருந்தது. முன்காலில் திரும்பினாள். கேள்வி செத்தது.

ஒவ்வொரு தடவையும் நோட்டை நீட்டினாள். டெல்பின் ஒரு கேள்வி கேட்டாள். நோட்டு உள்ளே போனது. மடித்து மடித்து அதன் நடுவில் கிழியவே ஆரம்பித்துவிட்டது.

தேர்வுக்கு முந்தின நாள் சேவியரும் அபிஷாவும் வரும் முன்னால் ரெஜிலா டெல்பினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளால் முடிந்த அளவு உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா? இது ஆட்டத்துக்க கேள்வி இல்ல. சும்மா பதில் சொல்லணும்."

"கேளு."

"நீங்க சேவியர் அண்ணன ஏமாத்துதிய."

"எப்படி?"

"அவருட்ட மாசாமாசம் காசு வாங்கிட்டு சும்மா கத்துதிய. எங்கிட்ட ஒண்ணும் வாங்காம எல்லாம் சொல்லித் தாறிய."

"உனக்கு நான் என்ன சொன்னேன்?"

ரெஜிலா யோசித்தாள். "ஒண்ணும் சொல்லல."

"அவளுக்கு?"

"எல்லாம் சொன்னிய."

"அப்போ ஆரு ஏமாத்துகாரி?"

ரெஜிலா தலையைச் சொறிந்தாள்.

டெல்பின் முட்டு உறையை இறுக்கிக்கொண்டாள். "பாரு, எனக்குக் காசு வேணும். இந்த முட்டுக்கு ஆபரேஷன் செய்யணும். பேசாம நின்னா எந்த அப்பன் காசு தருவான்? சத்தம் கேட்டாத்தான் வேலை நடக்குன்னு நெனைக்கான். ஆனா நான் பொய் விக்கல. நான் கத்துத ஒவ்வொண்ணும் சரியான வார்த்தை. எடுத்துக்கிட்டா அவளுக்கு லாபம்."

"அப்போ எனக்கும் கொஞ்சம் சும்மா கத்துங்களேன்."

"உனக்குச் சும்மா சொன்னா ஏறாது."

"அது எப்படித் தெரியும்?"

டெல்பின் கடலைப் பார்த்தாள்.

"சரி, அதுக்கும் ஐநூறு," என்று சொல்லிக்கொண்டே ரெஜிலா பந்தை எடுக்க ஓடினாள்.

*

தேர்வு கோயில் மைதானத்தில்.

மணல் இல்லை. செம்மண். வெயிலில் வெந்து, கல் மாதிரி கிடந்தது. ரெஜிலா காலை ஓங்கி மிதித்துப் பார்த்தாள். தடம் விழவில்லை.

சென்னையிலிருந்து வந்த மேடம் தொப்பி போட்டிருந்தார். கழுத்தில் விசில். நேரத்தை வீணாக்குகிற ஆள் இல்லை. ரெஜிலாவையும் அபிஷாவையும் முன்னால் கூப்பிட்டார்.

"எனக்கு முன்னால ஆட ஒரு ஆள்தான் வேணும். இந்த ரெண்டு பேரையும் பத்தி நிறைய சொன்னாங்க. எதிரெதிர் டீம்ல நில்லுங்க. நீ அவளைப் பிடி. அவ உன்னைப் பிடிக்கட்டும். வெளியில இருந்து யாரும் சத்தம் போடக் கூடாது. ஒரு சத்தம் கேட்டாலும் வண்டி ஏறிடுவேன்."

சேவியரின் வாய் பட்டென்று மூடியது. டெல்பின் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டி நின்றாள்.

ரெஜிலாவுக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. சத்தம் கிடையாது! அபிஷா தொலைந்தாள்! ஓடு என்று சொல்ல ஆள் இல்லாமல் அவள் எப்படி ஓடுவாள்?

விசில்.

அபிஷா ஓடினாள்.

அப்படி ஓடினாள். இடது பக்கமிருந்து வந்த பந்தை, ஒரு தடவை தட்டி, பெருவிரலைக் கோலுக்கு நேரே வைத்து அடித்தாள். வலை அதிர்ந்தது.

ரெஜிலா அபிஷாவின் காலைப் பார்த்தாள். அந்த அடி யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு இன்னும் மோசம். ரெஜிலா இடது பக்கம் வெட்டினாள், அபிஷா அங்கே நின்றாள். வலது பக்கம் வெட்டினாள், அங்கேயும் அபிஷா. நடுவில் புகுந்தாள், பந்து அபிஷாவின் காலில் இருந்தது. ரெஜிலா போகும் முன்னாலேயே அபிஷா அங்கே போய்ச் சேர்ந்தாள்.

பாதி ஆட்டம் முடிந்தது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ரெஜிலா அவளைப் பிடித்தாள்.

"எடி, கோச்சுக்க சத்தம் இல்லாம எப்படிடி ஆடுத?"

அபிஷா டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். "அந்தச் சத்தத்த ஆரு கேக்கா? அது அப்பாவுக்குப் போடுத சத்தம். நான் கேக்கத விட்டு ரொம்ப நாளாச்சு."

"அப்போ இதெல்லாம் எங்க படிச்ச?"

"உனக்க தடத்துல."

"எனக்க என்னது?"

"நீ அடிச்சிட்டு அந்தப் பக்கம் போவல்லா. நான் வந்து ஒவ்வொரு தடத்துலயும் எனக்க காலை வச்சுப் பாப்பேன். நீ எங்க திரும்புவ, எங்க அடிப்ப, எல்லாம் எனக்க காலுக்குத் தெரியும்." அபிஷா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. சந்தோஷத்தில் சிரித்தாள். "தேங்க்ஸ்டி."

"எனக்குக் காசு தா!"

"எங்கப்பாட்ட கேளு."

திங்கட்கிழமை ரெஜிலாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நீல உறை போட்ட கைகள், ஐஸ் தண்ணீர், இறால் குவியல், ஒரே இடம்.

தண்ணீர் குடிக்காமலே டெல்பினிடம் ஓடினாள். உடுப்புக்குள்ளிருந்து நோட்டை உருவினாள். வியர்வையில் மறுபடி நனைந்திருந்தது.

"அக்கா! இப்ப வேணும்!"

"கேளு."

"நான் எங்க போனாலும் அவ முன்னால நிக்கா. நான் போறதுக்கு முன்ன அவ போறா. எனக்க ஒவ்வொரு தடமும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாத ஒண்ணு வேணும். நான் இதுவரைக்கும் மணல்ல போடாத ஒண்ணு. அது என்ன?"

டெல்பின் கேள்வி கேட்கவில்லை.

கையை நீட்டினாள்.

ரெஜிலாவுக்கு ஒரு நொடி புரியவே இல்லை. பிறகு நோட்டை அந்தக் கையில் வைத்தாள். டெல்பின் அதைத் தூக்கி வெயிலில் பிடித்து நல்ல நோட்டுதானா என்று பார்த்தாள். மடித்து முட்டு உறைக்குள் செருகினாள்.

"நில்லு," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு வேணும்னா இன்னொரு ஐநூறு."

"அக்கா! எனக்கு நிக்க வராதுன்னு சொன்னேம்லா!"

டெல்பின் கையைக் கட்டிக்கொண்டாள். கடை மூடியாகிவிட்டது.

விசில் ஒலித்தது.

*

முதல் பந்து வந்தது. ரெஜிலா நிற்கத்தான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. அதுபாட்டுக்கு ஓடியது. அபிஷா பறித்துக்கொண்டு போனாள்.

ஐநூறு ரூபாய், என்று நினைத்தாள் ரெஜிலா. ஒரு முழுச் சேவல். என்ன அழகான சேவல் அது. கழுத்தெல்லாம் சிவப்பு. வீட்டில் வைத்துக் குழம்பு வைத்திருந்தால் அம்மாவாவது திட்டாமல் இருந்திருப்பாள். அதைக் கொடுத்துத்தான் இந்த ஒற்றை வார்த்தையை வாங்கியிருக்கிறாள். ஓடித் தொலைக்கவா?

இரண்டாவது பந்து வந்தது. இடது பக்கம். அவள் எப்போதும் பறக்கிற பக்கம்.

ரெஜிலா பந்தின் மேல் காலை வைத்தாள்.

நின்றாள்.

உடம்பெல்லாம் அரித்தது. ஓடு, ஓடு, ஓடு என்று தொடை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் நின்ற நிற்பிலேயே அதுதான் நீளமானது. பார்த்தவர்களுக்கு ஒரு கண் சிமிட்டல்.

அபிஷா பாய்ந்துவிட்டாள். ரெஜிலா போகப் போகிற இடத்துக்கு. ரெஜிலா அங்கே போகவில்லை. அபிஷா ஆளில்லாத மண்ணைத் தடுத்தாள். பின்னால் வந்தவளும் அதே பக்கம் பாய்ந்தாள். கோல்காரியும் சாய்ந்தாள். எல்லோரும் கடந்து போய்விட்டார்கள், பேருந்து போன பிறகு சாலை கிடக்குமே அதுபோல நடுவில் ஒரு வெற்று வழி. வழியின் முடிவில் கோல்.

இவ்வளவு நாளாக இது இங்கேதான் இருந்ததா?

ரெஜிலா அடிக்கக்கூட இல்லை. தட்டினாள். பந்து உருண்டு, அவசரமே இல்லாமல், உள்ளே போனது.

மைதானமே வாயைப் பிளந்தது. சத்தம் போடக் கூடாது என்பதால் ஒருவரும் கத்தவில்லை. ஒரு சின்னப் பிள்ளை மட்டும் அடக்க முடியாமல் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு குதித்தது.

ரெஜிலாவும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

அடுத்த பந்து. ரெஜிலா காலை மேலே வைத்தாள். அபிஷா இந்தத் தடவை ஏமாறவில்லை. அவளும் நின்றாள். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன.

"ஓடுடி," என்றாள் அபிஷா மெல்ல.

"நீ ஓடு," என்றாள் ரெஜிலா.

நிற்பாளா, போவாளா? மணலில் இதற்குத் தடம் கிடையாது. அபிஷாவின் காலுக்குத் தெரியவில்லை. அந்தக் கால் ஒரே ஒரு விரல் அளவு தயங்கியது.

ரெஜிலா போய்விட்டாள்.

வலது பக்கம், முன்காலில் ஒரு திருப்பு, சின்ன எட்டு, பெருவிரல் கோலுக்கு நேரே. இந்தத் தடவை தட்டவில்லை. அடித்தாள்! வலை தூணிலிருந்து அறுந்து தொங்கியது.

மேடம் விசிலை ஊத மறந்துபோய் வாயில் வைத்தபடியே நின்றார்.

*

ஆட்டம் முடிந்ததும் மேடம் நேராக ரெஜிலாவிடம் வந்தார்.

"உன் பேர் என்ன?"

"ரெஜிலா, மேடம்."

"திங்கக்கிழமை கிளம்ப முடியுமா?"

"திங்கக்கிழமை நான் எங்கயாவது போயே ஆகணும் மேடம்!"

மேடத்துக்கு அது புரியவில்லை. ஆனால் சிரித்தார்.

சேவியருக்கு இப்போது பேச அனுமதி கிடைத்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து டெல்பினிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கோச்சே, இது என்ன நியாயம்? மாசாமாசம் நான் குடுக்கேன். எவளோ ஒருத்தி கிழிஞ்ச நோட்டோட வாறா. அவ காதுல ரகசியம் சொல்லுதிய. எனக்க மோளுக்கு ஏன் அத சொல்லல?"

"சொன்னேன் அண்ணே."

"எப்ப?"

"தினமும். நீங்க நாற்காலியில இருந்து கேட்டியளே."

சேவியர் அபிஷாவைப் பார்த்தார். அபிஷா வானத்தைப் பார்த்தாள். பிறகு பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு டெல்பினிடம் வந்தாள்.

"நாளைக்கு அப்பா வர மாட்டாரு," என்றாள். "நான் மட்டும் வருவேன். ஒரு கேள்வி கொண்டு வருவேன்."

சேவியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் இன்னும் மைதானத்தில் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ரெஜிலா குதித்துக் குதித்து வந்தாள். மண்ணும் வியர்வையும் கண்ணீரும் முகத்தில் ஒன்றாகக் குழைந்திருந்தன. டெல்பினின் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"அக்கா! இவ்வளவு சின்ன வார்த்தை! இவ்வளவு சின்ன வார்த்தைக்கா என்னை இப்படி இழுத்தடிச்சிய! இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

டெல்பின் முட்டு உறைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து, கிழிந்த இடத்தை விரலால் நீவினாள்.

"மொத நாளே சொன்னேன் பிள்ளே. அன்னைக்குச் சும்மா சொன்னேன். பந்து கடலுக்குள்ள போச்சு."